பதினோரு எள்ளுச் செடிகளும் என் ஓரகத்தியும்

"...சாகடிச்சிட்டா அதுக்கு ஏதுக்கா குடியிருக்க எடம்? அதனால சாகடிக்காது. செடியப் பச்சப்புள்ளையாவே நிப்பாட்டி வச்சிரும். பூக்கவும் விடாது, முத்தவும் விடாது" என்று என் ஓரகத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையில் வேரோடு பிடுங்கிய எள்ளுச் செடி ஒன்று இருந்தது. அதன் தண்டில் என் பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. கத்திரிப்பூ நிறத்தில் மஞ்சள் புள்ளி போட்ட சேலை. அதை உடுத்திக்கொண்டு நான் களையெடுத்ததையும் கஞ்சி சுமந்ததையும் அந்தக் காட்டில் நின்ற எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வரப்பின் மேல் மாமனார் நின்றார். அவருக்குப் பின்னால் களைக்கு வந்த நாலு பெண்கள். "செடி செழிப்பாத்தான நிக்குது? நோயின்னா இந்நேரம் செத்துருக்கணும்ல?" என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் வாயைக் கொடுத்தவள் நான்தான். அதற்குத்தான் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் துணி ஏன் அங்கே வந்தது என்று சொல்ல வேண்டுமானால் நான் மலைக்குப் போக வேண்டும். பிறந்து வளர்ந்தது போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில். பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சாமான் கட்டி வந்த காகிதமும் மனுசர் வாயும்தான். வாய் என்று சொன்னால் அப்படிப்பட்ட வாய்கள். பறிப்புக்குப் போகும்போது அவசரப்பட்டுப் பிஞ்சில் கை வைத்தால் எங்கள் மேஸ்திரி தூரத்தில் இருந்தே கத்துவார்: "கூச்சம் தெளியாத காய் அது, விட்டுட்டு வா!" டீக்கடை வைத்திருந்த சேச்சி, மழையில் நனைந்துகொண்டு போனால், "எந்தா மோளே, மழை உன்னோட அம்மாயி வீடா?" என்பாள். இப்படி ஒவ்வொருவர் சொன்னதையும் நான் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வேன். இன்னொரு இடத்தில் அவிழ்த்து விட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். என்னிடம் இருந்த ஒரே நகை அதுதான்.

ஏலத்தில் நல்ல தூரைப் பிரித்து நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தத் தூர் அடியில் நெருக்கி நெருக்கிப் பக்கத்தட்டைகள் வெடித்துப் புதராக நிற்கிறதோ அதுதான் தாய்த்தூர். தட்டை கூடினால் பூச்சரம் கூடும், சரம் கூடினால் காய் கூடும். அப்படி ஒரு தூரைக் கண்டால் உடனே இடுப்புத் துணியில் ஒரு முனையைக் கிழித்து அதில் கட்டிவிடுவோம். துணி கட்டிய தூரில் யாரும் கத்தி வைக்கக்கூடாது, கால் படக்கூடாது. அடுத்த நடவுக்கு அதுதான் தாய். நோய் என்றால் எங்களுக்குத் தெரிந்த முகமே வேறு. இலை கோடு கோடாக வெளுக்கும், தூர் வருஷா வருஷம் குட்டையாகும், மெலியும். பார்த்ததும் தோண்டி எடுத்து அழித்துவிடுவோம். நோயாளி மெலிந்து கிடப்பான் என்றுதான் என் கண் படித்திருந்தது. கொழுத்துச் சிரித்துக்கொண்டு ஒரு நோய் வரும் என்று அந்த மலையில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கல்யாணமாகிக் கீழே இறங்கி, பொட்டிபுரம் போகிற வழியில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். மலையடிவாரத்துப் புஞ்சை. சோளம், கடலை, மொச்சை. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் இருந்தவரைக்கும் விதை எடுப்பது அவர் வேலை. எந்தக் கதிரை வெட்டாமல் விட வேண்டும், எந்தக் கொடியைத் தனியாகக் காயப்போட வேண்டும் என்று அவர் கைகாட்டினால் அதோடு சரி. நான் வந்த இரண்டாவது வருஷம் கடலைக்காட்டில் மாமனார் என்னை நிறுத்தி வைத்து, "ஆத்தா, இது உங்க அத்தை பாத்த சோலி. ஒனக்குக் கண்ணு நல்லாருக்கு. இனிமே நீதான்" என்றார். அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சே அதுதான். அன்று முதல் நான்தான் விதை. பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட, "மலைக்காரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு எடுப்போம்" என்று வருவார்கள். வீட்டில் வேறு எதிலும் என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. வருஷத்தில் அந்தப் பத்து நாள் மட்டும் நான் நடந்து போனால் எனக்குப் பின்னால் ஆள் நடக்கும்.

இந்த நிலையில்தான் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் வந்தாள். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செடிகளுக்கு நோய் கொடுக்கும் பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வாரக் கடைசியில் ரயிலில் போடி வந்து இறங்குவாள். கையில் ஐஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டி. மறுநாள் காலையில் அந்தப் பெட்டியோடு காடு காடாக அலைந்து, இலையையும் துளிரையும் கிள்ளிக் குழாய்களில் அடைப்பாள். முதலில் ஊரே சிரித்தது. "என்னம்மா, குச்சி ஐஸு இருக்கா?" என்று ஆடு மேய்க்கிறவர்கள் கேட்பார்கள். "இருக்குண்ணே, எலை ஐஸு. வேணுமா?" என்பாள். மூன்றே மாதத்தில் அதே ஆட்கள் தங்கள் காட்டுக் கத்தரியைக் கையில் பிடுங்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவளைப் பார்க்க.

எனக்கு அவள் படிப்பின் மேல் பொறாமை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அவள் நிறத்தின் மேலோ உடுப்பின் மேலோ இல்லை. நான் பேசினால் ஆட்கள் சிரிப்பார்கள். அவள் பேசினால் ஆட்கள் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மா இருப்பதன் மேல்தான் எனக்குக் கண். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் நான் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன். மாமனார் அவளைப் பார்த்து, "உக்காந்து சொல்லு தாயி" என்றார். அந்த ஒரு சொல் எத்தனை நாள் என் நெஞ்சில் கிடந்து உருண்டது என்று அவருக்குத் தெரியாது. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை எல்லாம் ஒதுக்கிவிட்டு வால் துண்டை அவள் தட்டில் போடுவேன். அவள் முள்ளை நிதானமாக எடுத்துவிட்டு, "அக்கா, எங்கம்மா எனக்கு வாலே தர மாட்டாங்க, அது எங்கண்ணனுக்குத்தான். நீங்கதான் எனக்குன்னு பாத்துப் பாத்து வைக்கிறீங்க" என்பாள். ஒருத்தியை வெறுக்கவாவது விட வேண்டாமா?

அவளுக்கு என் கதைகள் பிடிக்கும். அதுவே எனக்கு ஒரு வினையாகப் போயிற்று. போடியில் ஒரு மாவு மில்லில் நடந்த கதை ஒன்று வைத்திருந்தேன். அங்கே அடிக்கடி வரும் ஓர் அம்மாவுக்கு எல்லாருக்கும் உதவி செய்ய வேண்டும் என்று ஒரு நோக்காடு. ஒரு கையால் மில்காரர் தோளைப் பிடித்து, "அப்பு, ஓடவிடு ஓடவிடு" என்பாள். இன்னொரு கையால் பக்கத்தில் யார் பாத்திரம் இருந்தாலும் தூக்கி மில் வாயில் கொட்டிவிடுவாள். சீட்டு வாங்கிய பாத்திரமா, வாங்காததா என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் வெயிலுக்கு ஒதுங்கி பஸ்சுக்காக நின்ற ஒருத்தர் பையைப் பிடுங்கிக் கொட்டிவிட்டாள். அது அவர் விதைக்கு வைத்திருந்த கேப்பை. "அடியே, வெதையடி அது! மொளைக்க வேண்டியத மாவாக்கிட்டியேடி!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு மாவை அள்ளப் போன அழகை நான் நடித்துக் காட்டுவேன். என் ஓரகத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவள் சிரிப்பில் எனக்கும் ஒரு குளிர்ச்சி. ஒரு சாயங்காலம் முழுக்க அவள் என் ஆளாக இருந்தாள்.

அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் குறைவு. தை கடைசியில் கடலைக்குப் பதிலாக எள்ளு விதைத்தோம். எங்கள் காட்டுக்கு எள்ளு புதிது, எனக்கும் புதிது. எள்ளும் தண்டில் கிளை கூடக்கூடக் காய் கூடும் பயிர்தான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். மாசியில் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடும்போது என் கண்ணில் அந்தச் செடிகள் பட்டன. மற்றது எல்லாம் ஒற்றைக் குச்சியாக நீண்டுகொண்டிருக்க, இவை மட்டும் கணுவோடு கணு நெருங்கி, இலைக் கக்கத்தில் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர் வெடித்து, தாய்த்தூர் நிற்பதுபோலவே நின்றன. மனசு குதித்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய சேலையை எடுத்துக் கிழித்தேன். காடு முழுக்க நடந்து தேடிப் பதினோரு செடியில் துணி கட்டினேன். அன்று சாப்பாட்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அடுத்த வருசம் இந்தப் பதினொண்ணுல எடுத்த வெதைதான். அப்பறம் பாருங்க எள்ளு எப்படி நிக்குதுன்னு." சொன்னது மாமனாரிடம். கண் போனது மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓரகத்தியிடம். அவள், "சூப்பர்க்கா" என்றாள். என்ன செடி, ஏது என்று கேட்கவில்லை. அவள் கேட்காததும் எனக்குக் கோபம்.

பங்குனி பிறந்து காடு பூத்தது. வெள்ளையும் ஊதாவுமாகக் குழாய் குழாயாகப் பூ. என் பதினொன்றும் பூக்கவில்லை. பொறுமையான செடி, பிந்திப் பூக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். களைக்கு வந்த அத்தை ஒருத்தி, எங்கள் தெருக்காரி, ஒரு செடியைப் பிடித்து ஆட்டி, "இது கிறுக்குப் புடிச்ச செடி மாதிரி இருக்கு பெரியவளே. புடுங்கிப் போட்ருவமா?" என்றாள். "ஒன் சோலியப் பாரு அத்தை. துணி கட்டுனது கண்ணுக்குத் தெரியலையா?" என்று சீறினேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். இன்னும் ஒரு வாரத்தில் அந்தச் செடிகளில் பூ வரவேண்டிய இடத்தில் ஏதோ வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். இதழ் இருக்க வேண்டிய இடத்தில் பொடிப் பொடியாகப் பச்சை இலை. பூ மாதிரியே விரிந்த இலை. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. துணியை அவிழ்த்துப் பதினொன்றையும் பிடுங்கி எரித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிடுங்கவில்லை. பிடுங்கினால் சாப்பாட்டில் சொன்ன சொல் பொய்யாகும். அதைவிட, அவளிடம் போய், "இது என்ன செடி பாரு தங்கச்சி" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று வருஷமாக அவள் எள்ளில் இந்த மாதிரிச் செடியைத்தான் தேடிக்கொண்டு அலைகிறாள் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். "நம்ம காட்டுக்கு வரட்டாக்கா?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "நம்ம காட்டுல ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு. நீ மேக்க அந்தத் தோட்டத்துப் பக்கம் போ" என்று வழி மாற்றி அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் விடியக்காலம் நானே போய்ப் பார்ப்பேன். அந்தப் பச்சைத் துளிர்களில் நெல்லுமணி அளவுக்குப் பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். கை அசைத்தால் தத்திப் பக்கத்துச் செடிக்குப் போகும். நல்ல செடிக்கு. அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இரண்டு வாரம் நின்றேன்.

ஒரு சனிக்கிழமை மாமனாரே அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஊரார் காட்டையெல்லாம் பாக்குற, நம்ம காட்டப் பாக்க மாட்டியா தாயி?" என்று கேட்டிருக்கிறார். நான் களைக்காரப் பெண்களோடு நடுக்காட்டில் இருந்தேன். அவள் வரப்பில் நடந்து வந்தாள். நேராக ஒரு துணி கட்டிய செடிக்கு முன்னால் நின்றாள். குனிந்தாள். வேரோடு பிடுங்கினாள். அப்போதுதான் நான் அந்த வாயைக் கொடுத்தேன், செத்துருக்கணும்ல என்று.

"அப்பறம் எப்படித்தான் தாயி பூக்க விடாமப் பண்ணுது?" என்று மாமனார் கேட்டார். அவள் செடியின் தண்டை நகத்தால் கீறிக் காட்டினாள். "இதுக்குள்ள சத்து ஓடுற குழாய் இருக்குல்ல மாமா, அதுக்குள்ளதான் அந்த பாக்டீரியா குடியிருக்கு. தத்துப்பூச்சி சாறு உறிஞ்ச வர்றப்ப எறக்கி விட்டுட்டுப் போயிரும். அது குழாய விட்டு வெளிய வராது. ஆனா பொடிசா ஒரு புரதத்தச் சுரந்து அனுப்பும். அந்தப் புரதம் துளிர் விடுற எடத்துக்குப் போயி, செல்லு ஒவ்வொண்ணுக்குள்ளயும் நொழைஞ்சிரும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு மில்லு ஓடுது. செல்லுல வேலை முடிஞ்ச புரதத்தையெல்லாம் அரைச்சுத் தூளாக்குற மில்லு. சீட்டு ஒட்டுன புரதத்தத்தான் அரைக்கும், சீட்டு இல்லாட்டி தொடாது. அதுதான் சட்டம்."

மில் என்றதுமே எனக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"போடி மில்லுல ஒரு அம்மா இருந்தாங்க..." என்று ஆரம்பித்தாள். என் கதை. என் மில் அம்மா, என் மில்காரர், என் கேப்பைப் பை. பஸ்சுக்கு நின்றவர் தலையில் அடித்துக்கொண்டதைக்கூட விடவில்லை. "அதே மாதிரி இந்தப் புரதம் ஒரு கையால மில்லப் புடிச்சுக்கும். இன்னொரு கையால, 'நேரமாச்சு, இனிமே பூ, இனிமே முத்து'ன்னு செடிக்கு உத்தரவு போடுற புரதம் இருக்கு பாருங்க, அதப் புடிச்சு உள்ள தள்ளிரும். சீட்டு இருக்கா, கீட்டு இருக்கான்னு பாக்கவே பாக்காது. உத்தரவு போட ஆளு இல்ல. செடி என்ன பண்ணும்? நாம இன்னும் சின்னப்புள்ளதான்னு துளிரு மேல துளிரா விட்டுக்கிட்டே இருக்கும். பூ வர்ற எடத்துலயும் எலை. எளந்துளிருன்னா தத்துப்பூச்சிக்கு உசிரு. வரும், உறிஞ்சும், அடுத்த செடிக்கு பாக்டீரியாவச் சுமந்துக்கிட்டுப் போகும்."

"அப்ப செடிக்கு வயசே ஆகாதா?" என்று களைக்காரப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். "ஏம்மா, அந்தப் புரதத்துல எனக்கு ஒரு கரண்டி குடேன்."

"ஒனக்கு எதுக்குடி? நாலு பெத்து முடிச்சிட்டு இப்பத் துளிர் விடப் போறியாக்கும்" என்றாள் இன்னொருத்தி. காடே சிரித்தது. மாமனாரும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கதையை அவர் முன்னால் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவையும் அவர் சிரித்ததில்லை. சிரிப்பும் போயிற்று, சும்மா இருப்பதும் போயிற்று, இரண்டையும் அவளே எடுத்துக்கொண்டாள். என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்தக் காட்டு எள்ளு பொரிந்திருக்கும். ஆனாலும் அந்த எரிச்சலுக்கு நடுவில் ஒன்று விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்த மூன்று வருஷமாக நானும் பார்க்கச் செழிப்பாகத்தான் நின்றிருக்கிறேன். பேசினேன், சிரித்தேன், விருந்து வைத்தேன். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேட்க முடியாமல் எதுவோ என் உள்ளே பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் மாமனார் பார்வை அந்தத் துணிக்கு வந்தது. "இது என்ன துணி?"

நான் வாய் திறப்பதற்குள் களைக்கு வந்த அந்த அத்தை முந்திக்கொண்டாள். "பெரியவ சேலைதான் அண்ணே, தெரியலையா? நான் அன்னைக்கே சொன்னேன், கிறுக்குப் புடிச்ச செடின்னு. எங்க பேச்ச யாரு கேக்குறா? நாங்க என்ன மலையில இருந்தா வந்தோம்?"

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. "நான்தான் மாமா கட்டுனேன்" என்றேன். "தாய்ச்செடின்னு நெனச்சுட்டேன். பதினோரு செடி இருக்கு. பூ வர்றதுக்கு முந்தியே கட்டிட்டேன். பெறகு தப்புன்னு தெரிஞ்சும் புடுங்கல."

ஓரகத்தி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "பூ வர்றதுக்கு முந்தியா? எத்தன நாளு முந்தி?"

"பத்துப் பன்னண்டு நாளு இருக்கும்."

"அப்பப் பூவே இல்லையேக்கா. எத வச்சுக் கண்டுபுடிச்சீங்க?"

"கணு நெருங்கி இருந்துச்சு. கக்கத்துல மூணு மூணாத் துளிர் வெடிச்சுச்சு. பச்சையும் வேற பச்சை."

அவள் வரப்பில் ஏறி நின்று காட்டைப் பார்த்தாள். கத்திரிப்பூ நிறத் துணிகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். இரண்டு மூன்றுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. துணி கட்டிய அத்தனையும் அதே நோய். "மூணு வருசமாத் தேடுறேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "எத்தன காடு. பூத்து, பூவெல்லாம் எலையா ஆன பெறகுதான் எனக்குக் கண்ணு தெரியுது. பூக்குறதுக்கு முன்னால ஒரு செடி, ஒரே ஒரு செடி எனக்குச் சிக்கல. நீங்க பதினொண்ணு... துணி வேற கட்டி வச்சிருக்கீங்க." அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. தாழ்ந்து, வறண்டு, பல்லுக்கு நடுவில் இருந்து வந்தது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். மீன் குழம்பு பரிமாறும்போதெல்லாம் என் உள்ளுக்குள் பேசிய குரல் அதுதான்.

இப்போது அவளும் கொழுந்தனும் வடக்கே வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள். அவளுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்களாம். நாங்கள் வருஷா வருஷம் எள்ளு போடுகிறோம். விதைத்து ஒரு மாதம் ஆகும் முன்னே நான் காட்டில் இறங்கி நடப்பேன். கணு நெருங்கிய செடியைக் கண்டால் அந்த இடத்திலேயே பிடுங்கிப் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுவேன், பூச்சி தத்துவதற்குள். ஊரில் மற்றவர்களும் என் பின்னால் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவள் கைபேசியில் படம் அனுப்பி, "அக்கா, இதுல எது?" என்று கேட்பாள். படத்தில் வட்டம் போட்டு அனுப்புவேன். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். போன மாதம் அவள் ஏதோ ஒரு கூட்டத்தில் பேசிய காணொளியைக் கொழுந்தன் அனுப்பினார். கண்ணாடி போட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மேடையில் நின்று என் மில் கதையைச் சொல்கிறாள். "இது எங்க அக்கா சொன்னது" என்றும் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்து, சும்மா இருந்து கேட்டார்கள். எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அந்தக் கேப்பைக்காரர் தலையில் அடித்துக்கொள்கிற இடத்தை அவள் சரியாகவே செய்வதில்லை. ஒரு கையால் அடிக்கிறாள். இரண்டு கையாலும் அடிக்க வேண்டும்.

அன்று காட்டில், அவள் அப்படி வறண்ட குரலில் சொல்லி நிறுத்தியதும், களைக்காரப் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன். பிடுங்காமல் விட்ட இரண்டு வாரத்தில் நோய் எத்தனை செடிக்குத் தாவியிருக்கும் என்று மாமனார் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப இனிமே காட்டுல வெதைச்செடிய யாரு பாத்துச் சொல்றது?" என்று கேட்டார். கேட்டது அவளைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

அவள் கையில் இருந்த செடியை ஐஸ் பெட்டியில் வைத்து மூடினாள். அந்த வரப்பு ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். அவள் சேலை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலோடு ஈர மண்ணுக்குள் இறங்கி ஒதுங்கி நின்று, நான் முன்னால் போக வழிவிட்டாள்.